உடற்கூறியல், உடலியங்கியல் தனி வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோம்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில், கல்லூரி மாணவர்களுக்கு அனாட்டமியும் பிசியாலஜியும் சொல்லித் தருகிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு கல்லூரியில் இதே பாடங்களை நடத்தினேன். ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும்போதும் போனில் ஒரே மாதிரி கேள்விகள் வருகின்றன. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்பதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது அந்த இடங்களில்தான்.

எந்தப் படிப்பில் இருப்பவர்களுக்கு எடுக்கிறீர்கள்?

நர்சிங், பி.ஃபார்ம், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி. பி.ஃபார்மில் இந்தப் பாடம் முதல் செமஸ்டரில் ஒரு பாதி, இரண்டாவதில் மறு பாதி என்று பிரிந்து வரும். நர்சிங்கில் முதல் செமஸ்டரிலேயே மொத்தமாக வந்து இறங்கிவிடும். ஹாஸ்டல் சாப்பாடு பழகுவதற்குள் முதல் இன்டர்னல் வந்து நிற்கும், பாவம். பிசியோ பிள்ளைகளுக்குத் தசையும் மூட்டும் மற்ற எல்லோரையும்விட ஆழமாக வேண்டும், அதனால் அவர்களுக்குத் தனி நாள். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு பிசியாலஜி மட்டும் எடுக்கிறேன். அவர்களுடைய அனாட்டமியை, உடலை அறுத்துப் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் சொல்லித்தர முடியும்.

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆங்கில மீடியத்தில் படித்தவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான், அவர்கள் வெளியே சொல்வதில்லை. ஒரு பத்தியைப் பிழையில்லாமல் ஒப்பிப்பார்கள். 'சரிம்மா, இதை ஒன்பதாவது படிக்கிற உன் தம்பிக்குச் சொல்லு பார்ப்போம்' என்றால் வாய் கட்டிப்போகும்.

அதனால் என் வகுப்பில் எந்தப் பாடமும் முதலில் தமிழில், உங்கள் வாயால், உங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லப்பட வேண்டும். அப்புறம் படம் வரைவோம். படத்தில் ஆங்கிலப் பெயர்களைக் குறிப்போம். கடைசியாகத்தான் ஆங்கில வாக்கியம். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் தலை சுற்றத்தான் செய்யும்.

உங்களிடம் ஏற்கெனவே நிறையச் சொற்கள் இருக்கின்றன. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், கணையம், பித்தப்பை, விலா. கறி எடுக்கிற வீடாக இருந்தால் நல்லி எலும்பும் சுவரொட்டியும் தெரிந்திருக்கும். சுவரொட்டி என்று கடைக்காரர் தருவது ஆட்டின் மண்ணீரல். கிளாவிக்கிளுக்குத் தமிழில் காறை எலும்பு என்று பெயர். காறை என்பது கழுத்தில் போடும் ஒரு நகை. அது எங்கே போய்ப் படியும் என்று தொட்டுப் பார்த்தால் எலும்பு கிடைத்துவிடும். புத்தகத்தில் வரும் லத்தீன் பெயர்களும் அப்படித்தான். காக்லியா என்றால் லத்தீனில் நத்தை. உள்காதின் படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரை யாரும் மறந்ததில்லை. சார்ட்டோரியஸ் என்ற தொடைத் தசை தையல்காரரின் பெயரால் வந்தது. அந்தக் காலத் தையல்காரர்கள் உட்கார்ந்த விதம் நாம் சம்மணம் போடுவது போலத்தான். சம்மணம் போட இடுப்பில் காலை மடக்கி, வெளியே விரித்து, வெளிப்புறமாகத் திருப்பி, முழங்காலையும் மடக்குகிறோம். அந்த நான்குமே அந்தத் தசையின் வேலை. ஐந்து மதிப்பெண் கேள்வியில் பாதி விடை தரையில் உட்கார்ந்ததிலேயே வந்துவிட்டது.

தமிழில் புரிந்துகொள்வதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சென்னையில் 1835-ல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துக்கு 1847-ல் வந்து சேர்ந்த சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், அங்கே மானிப்பாயில் 1860களில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார். அனாட்டமிக்கு அங்காதிபாதம், பிசியாலஜிக்குச் சுகரணம் என்றெல்லாம் அவர் புத்தகங்களில் சொற்கள் உண்டு. இன்று அந்தச் சொற்களைப் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நீங்கள் 'சுகரணம்' என்றால், வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் பயந்துவிடுவார். ஆனால் நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே தமிழில் ஓடிய வண்டி இது.

பரீட்சைக்கு வேண்டிய ஆங்கிலம் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிதில்லை. இருக்கிறது, ஆனது, சுரக்கிறது, கூடுகிறது, குறைகிறது, இணைகிறது, கடத்துகிறது என்று ஒரு முப்பது வினைச்சொல் கையில் இருந்தால் முழுத் தாளையும் எழுதிவிடலாம். அந்த முப்பதை முதல் மாதத்திலேயே எழுதிப் பழகிவிடுவோம்.

எப்படிப் பார்த்தாலும் இது மனப்பாடப் பாடம்தானே?

அனாட்டமியில் ஓரளவு உண்மை, மறுக்க மாட்டேன். வளர்ந்த மனிதருக்கு 206 எலும்பு, மண்டையோட்டில் 22, மூளையிலிருந்து கிளம்பும் நரம்பு 12 ஜோடி. இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, நெட்டுரு போடத்தான் வேண்டும். முதுகெலும்புக்கு மட்டும் ஒரு சுலபம்: காலை 7 மணிக்குக் காபி, 12 மணிக்குச் சாப்பாடு, சாயங்காலம் 5 மணிக்கு டிபன். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே 5 ஒன்றாக ஒட்டி சேக்ரம், பெரும்பாலும் 4 ஒட்டி வால் எலும்பு.

இந்த மாதிரி சூத்திரங்களை நான் அளவாகத்தான் தருவேன். பன்னிரண்டு நரம்புக்கும் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டு, ஏழாவது நரம்பு என்ன வேலை செய்கிறது என்றால் விழிக்கிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அதை முகத்தில் படிக்கலாம். கண்ணை இறுக்கி மூடுங்கள், கன்னத்தை ஊதுங்கள், சிரியுங்கள்: அது ஏழாவது. பல்லைக் கடித்துக்கொண்டு தாடையோரம் கையை வையுங்கள், துடித்துப் புடைக்கிற தசைக்கு ஐந்தாவது. நாக்கை நீட்டினால் பன்னிரண்டாவது. பக்கத்தில் இருப்பவரைச் சோதித்தபடி ஒரு மணி நேரம் போனால் போதும். வகுப்பு அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாக இருக்கும், கீழ் வீட்டு மாமி மேலே எட்டிப் பார்ப்பார்.

இதயப் படத்தில் வலது, இடது மாறிப்போகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு எனக்குத் தனிப் பாசம் உண்டு. என் முதல் இன்டர்னலில் நான் இதயத்தை அழகாக வரைந்து, நிழல் கொடுத்து, இடது வெண்டிரிக்கிளிலிருந்து, அதாவது இடது கீழறையிலிருந்து கிளம்ப வேண்டிய அயோர்ட்டா என்ற பெருந்தமனியை வலது வெண்டிரிக்கிளிலிருந்து கிளப்பி விட்டேன். தாளைத் திருப்பித் தந்த ஆசிரியை வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, 'இந்த ஆள் உயிரோட இருக்க மாட்டான்' என்றார். மதிப்பெண் சுழியம். ஏன் மாறியது என்று மட்டும் அவர் கடைசி வரை சொல்லவில்லை.

காரணம் சின்னது. புத்தகத்தில் இருக்கிற ஆள் உங்களைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது கை உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். ஆகவே புத்தகத்தைக் கையில் வைத்துப் பார்க்காமல், படம் வெளியே தெரிகிற மாதிரி உங்கள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். படத்தின் வலது உங்கள் வலதோடு ஒன்றாகிவிடும். சட்டை மாட்டிக்கொள்வது போல நினைத்துக்கொள்ளுங்கள். இதைக் கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் செய்யலாம். நான் சுண்ணாம்புக் கட்டியால் பழைய டி-ஷர்ட் மேலேயே வரைய விடுவேன்.

பிசியாலஜியில் பெரும்பாலும் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

மூன்று இடங்கள். வருடம் மாறினாலும் இவை மாறுவதில்லை.

முதலாவது, நரம்பு செல்லின் மின்னழுத்தம். ஓய்வில் உள்ளே மைனஸ் 70 மில்லிவோல்ட் என்பது வரை எல்லோரும் வந்துவிடுவார்கள். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம், செல் சவ்வில் இருக்கிற பம்ப் ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, இதுவும் சரி. அடுத்த வரியில் சறுக்குவார்கள்: நரம்புத் துடிப்பு வரும்போது பம்ப் சோடியத்தை உள்ளே கொண்டுவருகிறது என்று எழுதிவிடுவார்கள்.

நம் வீட்டு மோட்டாரை நினையுங்கள். சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. குளியலறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்குகிறது, அப்போது மோட்டார் ஓட வேண்டியதில்லை. பம்ப் என்பது மோட்டார், சோடியம் சானல் என்பது குழாய். உயரத்தில் ஏற்றி வைத்த வித்தியாசம்தான் துடிப்பைத் தருகிறது. கரண்ட் போனாலும் தொட்டி காலியாகும் வரை குழாயில் தண்ணீர் வருமில்லையா? அதே போல, பம்ப்பை மருந்து கொடுத்து நிறுத்தினாலும் பெரிய நரம்பிழை ஒன்று உடனே ஓய்ந்துவிடாது, நிறையத் தடவை துடிக்கும். இதைச் சொன்ன பிறகு யாரும் அந்த வரியைத் தப்பாக எழுதியதில்லை.

இரண்டாவது, சிறுநீரகம். நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என்று படிக்கிறோம், மனதில் பதிவதில்லை. ஒரு நாளுக்குக் கணக்குப் போடுங்கள்: 180 லிட்டர். தெருவில் சைக்கிள் வண்டியில் வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் ஒன்பது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா உடம்பில் இருப்பதே சுமார் 3 லிட்டர்தான். அப்படியென்றால் அதே பிளாஸ்மா நாளுக்கு அறுபது தடவை வடிகட்டிக்குள் போய்வருகிறது. கடைசியில் வெளியே போவது ஒன்று, ஒன்றரை லிட்டர்.

வேண்டாததை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே போட்டால் போதாதா, எதற்கு இவ்வளவு பாடு என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. போகிக்கு முதல் நாள் பரணில் ஏறி, குப்பையை மட்டும் தேடி எடுப்பீர்களா? எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கிவிட்டு, வேண்டியதைத் திரும்ப ஏற்றுவீர்கள். உடம்புக்குள் புதிதாக ஒரு மருந்தோ நச்சோ வந்தால் அதை அடையாளம் கண்டு பொறுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் திரும்ப ஏற்றாமல் விட்டாலே போதும், அது வெளியே போய்விடும். குளுக்கோஸ் வழக்கமாக முழுவதும் பரணுக்குத் திரும்பிவிடும். சர்க்கரை நோயில் சாமான் மிக அதிகம், தூக்கி வைக்கிற ஆட்கள் அதே எண்ணிக்கை, ஆகவே கொஞ்சம் கூடத்திலேயே தங்கிச் சிறுநீரில் போகிறது. தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினை யாரும் திரும்பத் தூக்குவதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் வடிகட்டும் வேகத்தை ஏன் அதை வைத்து அளக்கிறார்கள் என்பதும் புரியும். (இந்த உவமையிலும் ஒரு ஓட்டை உண்டு: சில பொருள்களைக் குழாய்ச் சுவரே நேரடியாக எடுத்து வெளியேவும் தள்ளும். அதைச் சுரத்தல் என்று தனியாகப் படிப்போம்.)

மூன்றாவது, ஹீமோகுளோபினின் எஸ் வடிவக் கோடு. சுற்றிலும் ஆக்சிஜன் கூடக் கூட, அதைச் சுமக்கிற ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்புகிறது என்று காட்டுகிற கோடு அது. எதற்கு அந்த வளைவு, நேர்கோடாக இருந்தால் என்ன? பல்லாவரம் சிக்னலில் காலியாக நிற்கிற ஷேர் ஆட்டோவைப் பாருங்கள். முதல் ஆள் ஏறத் தயங்குவார், வண்டி எப்போது கிளம்புமோ என்று. ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அடுத்தடுத்து மளமளவென்று ஏறிவிடுவார்கள். ஹீமோகுளோபினில் நான்கு இருக்கை. முதல் ஆக்சிஜன் ஏறுவது கடினம், அது ஏறியதும் மூலக்கூறின் வடிவமே மாறி மற்றவை சுலபமாக ஏறுகின்றன. கோட்டின் அடிப்பகுதி சாய்வாகவும் நடுப்பகுதி செங்குத்தாகவும் இருப்பது இதனால்தான். மேலே தட்டையாவது, வண்டி நிறைந்துவிட்டதால். உழைக்கிற தசையில் சூடு அதிகம், கார்பன் டை ஆக்சைடு அதிகம், அமிலம் அதிகம். கோடு வலப்பக்கம் நகர்ந்து, ஆக்சிஜன் சீக்கிரம் இறங்குகிறது. இவ்வளவுதான். வலமா இடமா என்று குழம்பினால் 'ஓடுகிற காலுக்கு ஆக்சிஜன் வேண்டும்' என்று மட்டும் நினைத்துக்கொண்டு தொடங்குங்கள், விடை தானாக வரும்.

கறிக்கடைக்குப் போகச் சொல்வீர்களாமே, உண்மையா?

உண்மைதான். நர்சிங், ஃபார்மசி மாணவர்களை அனாட்டமி துறைக்கு ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஐம்பது பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றால் கடைசி வரிசைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் பின்னல்தான். ஆட்டு இதயமும் சிறுநீரகமும் கையில் வந்தால் விஷயமே வேறு.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் உங்கள் பேச்சு எடுபடாது. வார நாளில் காலையில் போய், 'அண்ணே, இதயத்தைக் கீறாம முழுசா குடுங்க, மேல குழாயும் கொஞ்சம் நீளமா வேணும்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் நான்காகப் பிளந்துவிடுவார். எதற்கு என்று கேட்பார். படிக்கிறதுக்கு என்றால் பெரும்பாலும் நன்றாகவே ஒத்துழைப்பார்கள். ஒரு கடைக்காரர் என் மாணவிக்கு நுரையீரலை ஊதியே காட்டினார்.

மாடியில் செய்தித்தாள் விரித்து, கையுறை போட்டுக்கொண்டு, அன்றைக்கே வெட்டி முடித்துவிட வேண்டும். முதலில் இரண்டு வெண்டிரிக்கிள் சுவரையும் விரல்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். இடப்பக்கம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிமன், உடம்பு முழுக்கத் தள்ள வேண்டியவன் அவன். அயோர்ட்டாவின் வெட்டிய வாய்க்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று பைகளும் நிரம்பி ஒன்றோடொன்று ஒட்டி, தண்ணீர் கீழே போகாமல் நிற்கும். அதைப் பார்க்கிற நொடியில் வால்வு பாடம் முடிந்தது. அந்தப் பைகளுக்கு மேலே இரண்டு சின்னத் துளைகள் தெரியும். விளக்குமாற்று ஈர்க்குச்சியை நுழைத்தால் அது இதயத்தின் மேற்பரப்பில் ஓடுகிற கொரோனரி தமனிக்குள் போகும். இரண்டு ஈர்க்குச்சி, இரண்டு தமனி.

சிறுநீரகத்தில் ஓர் எச்சரிக்கை. மனிதச் சிறுநீரகத்தை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே மொத்தம் எட்டிலிருந்து பதினெட்டு வரை பிரமிடுகள் இருக்கும். ஆட்டுக்கு அப்படிப் பிரிந்து தெரியாது, எல்லாம் சேர்ந்து ஒரே மேடாக முடியும். ஆட்டில் பார்த்ததை அப்படியே மனிதப் படமாக வரைந்து வைத்துவிடாதீர்கள். புறணி, அகணி, நடுப்பள்ளம், சிறுநீரைப் பைக்குக் கொண்டுபோகும் யூரேட்டர் கிளம்புமிடம் இவற்றுக்கு ஆடு போதும்.

சைவ வீட்டுப் பிள்ளைகள் தொட வேண்டியதில்லை. தள்ளி நின்று பார்க்கலாம், அதுவும் வேண்டாமென்றால் பிளாஸ்டிக் மாடல் இருக்கிறது. யாரையும் இதற்காகக் கேலி பேச விடமாட்டேன்.

டிஸ்செக்‌ஷன் ஹாலில் மயக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. நானே முதல் நாள் விழுந்தேன், நல்லவேளை பின்னால் ஒரு தோழி நின்றாள். சாப்பிடாமல் போனதும், அசையாமல் நெடுநேரம் நின்றதும், பயமும் சேர்ந்துகொண்டன. பயத்தில் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது, ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்தம் காலில் தங்கிவிடுகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. உடல் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலினின் நெடி கண்ணையும் மூக்கையும் எரிய வைத்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். நாலு இட்லியாவது சாப்பிட்டுப் போங்கள். நிற்கும்போது குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள், கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே பிழிந்துவிடும். கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் உடனே தரையில் உட்காருங்கள்.

எலும்பு செட் வாங்க வேண்டுமா?

நர்சிங், ஃபார்மசிக்குத் தேவையில்லை. பிசியோ பிள்ளைகளுக்குக் கை, கால் எலும்பாவது வேண்டும். பிளாஸ்டிக் செட்டே வாங்குங்கள். நிஜ எலும்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விற்பவர்களிடம் நேரான பதில் கிடைப்பது அபூர்வம். ஒரு காலத்தில் உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் எலும்புக்கூடு நம் நாட்டிலிருந்துதான் கப்பலேறியது, 1985-ல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. கல்லூரிகளுக்கு உடல்கள் வருவது 1951-ம் வருட அனாட்டமி சட்டத்தின்படி. மனமுவந்து எழுதிக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. மேசையில் இருப்பவரைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுகிற பிள்ளைகளை என் வகுப்பில் வைத்துக்கொள்வதில்லை.

பழைய பாடப்புத்தகத்துக்கு சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போகலாம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு பழைய புத்தகக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அனாட்டமி அவ்வளவாக மாறாது, இரண்டு பதிப்பு முந்தையது இருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.

பிராக்டிக்கல் வைவாவில் என்ன கேட்பார்கள்?

செய்முறையை ஒப்பிக்கச் சொல்வது குறைவு. 'ஏன்' என்று ஒரு கேள்வியில் மடக்குவார்கள். நூறு தடவை கேட்கப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். சிவப்பணுக்களை எண்ணுவதற்கு, தண்டும் குமிழும் உள்ள பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 0.5 வரை இழுத்து, நீர்க்க வைக்கும் திரவத்தை 101 வரை நிரப்புகிறோம். நீர்ப்பு எவ்வளவு? 202 மடங்கு என்று அவசரப்பட்டுச் சொன்னால் போச்சு. தண்டில் இருக்கிற கடைசி ஒரு பங்குத் திரவம் குமிழுக்குள் ரத்தத்தோடு கலப்பதேயில்லை, எண்ணுவதற்கு முன் அதை வெளியே விட்டுவிடுகிறோம். குமிழின் 100 பங்கில் 0.5 ரத்தம், அதாவது 200 மடங்கு. வெள்ளணு பிப்பெட்டில் இதே கணக்கில் 20 மடங்கு.

ரத்த அழுத்தத்தில் ஸ்டெத் வைப்பதற்கு முன் நாடியைத் தொட்டு ஏன் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. சிலருக்கு நடுவில் சத்தம் கொஞ்ச நேரம் மறைந்து மறுபடி வரும். அந்த இடைவெளியில் தொடங்கிவிட்டால் மேல் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லிவிடுவோம். சத்தத்தின் பெயர் யாருடையது என்றால் கொரோட்காஃப், ரஷ்யர், 1905.

தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த பக்கத்திலிருந்து யோசித்துக் காட்டுங்கள். சென்ற வருடம் என் மாணவி ஒருத்தியிடம், 'மே மாதத்தில் வேலூரைவிடச் சென்னையில் ஏன் அதிகம் புழுங்குகிறது?' என்று கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத கேள்வி. அவள் வியர்வையிலிருந்து தொடங்கினாள்: ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கடற்காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இங்கே வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சொட்டுகிற வியர்வை குளிர்விப்பதில்லை. எக்ஸ்டர்னல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாராம்.

யூடியூபில் எல்லாம் இலவசமாக இருக்கிறதே?

இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. இதயச் சுழற்சி, தசை சுருங்குவது போன்ற அசைகிற விஷயங்களுக்கு நானே அனிமேஷன் காட்டுகிறேன். வீடியோ பார்க்கும்போது புரிந்த மாதிரியே இருக்கும், வெள்ளைத் தாளை நீட்டினால் கை ஓடாது. வீடியோ முடிந்ததும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் வரைந்து பார்த்து, அதில் எங்கே நின்றுபோனீர்களோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். இதை ஒழுங்காகச் செய்கிறவருக்கு நான் தேவையே இல்லை.

அரியர் இருக்கிறது. மூன்று வாரம்தான். தேறிவிடலாமா?

தேறும் அளவுக்குச் செய்யலாம். ரத்தம், இதயம், சுவாசம், சிறுநீரகம், நரம்பு மண்டலம் இந்த ஐந்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று படங்கள் கண்ணை மூடிக்கொண்டு வரைய வர வேண்டும். பழைய கேள்வித்தாள்களை எடுத்து வாருங்கள். முதல் நாளே ஒரு தாள் எழுதச் சொல்வேன், அதில் எங்கே விழுந்தீர்கள் என்று பார்த்துத்தான் திட்டம். பெரும்பாலும் படித்தது போதாமல் விழுவதில்லை. பத்து மதிப்பெண் கேள்வியில் மூன்று பக்கம் கதை எழுதிவிட்டு, படமும் துணைத் தலைப்பும் இல்லாமல் கொடுத்திருப்பார்கள். திருத்துகிறவருக்கு ஒரு கட்டு தாள், ஒரு கோப்பை ஆறிப்போன டீ. பெயர் குறித்த படம் பக்கத்தின் மேலேயே இருந்தால் அவருக்கு நிம்மதி, உங்களுக்கு மதிப்பெண்.

ரெக்கார்டு, அசைன்மென்ட் எழுதித் தருவீர்களா? நோட்ஸ் கிடைக்குமா?

எழுதித் தர மாட்டேன். நோட்ஸும் கிடையாது. வகுப்பில் நீங்கள் வரைந்து எழுதுவதுதான் நோட்ஸ்.

பெற்றோர் கேட்பது: இத்தனை மதிப்பெண் வரும் என்று உறுதி தர முடியுமா?

முடியாதுங்க. உறுதி தருகிற இடங்கள் இருக்கின்றன, அங்கே தாராளமாகச் சேர்க்கலாம். வருகிறானா இல்லையா என்று மட்டும் கேட்டால் சொல்வேன். மற்றபடி உங்கள் பையனுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது. பாடத்தைப் பற்றி அவனிடம்தான் பேசுவேன். 'பக்கத்து வீட்டுப் பெண் டாக்டருக்குப் படிக்கிறாள், இவள் நர்சிங்தான்' என்று பிள்ளையை வைத்துக்கொண்டே என்னிடம் சொல்லாதீர்கள். இந்தப் பாடம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ராத்திரி டியூட்டியில் நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் கவனிக்கப் போவது உங்கள் பெண்.

கட்டணம், நேரம்?

ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு ஒரு வகுப்புக்கு 300 ரூபாய். மாதக் கடைசியில் தந்தால் போதும், முன்பணம் வாங்குவதில்லை. கட்ட முடியாத சூழ்நிலை என்றால் தனியாக வந்து சொல்லுங்கள், வகுப்பில் யாருக்கும் தெரியாது. திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணி, பிசியோவுக்கு சனி காலை. தாம்பரம் பக்கம் இருந்தும் செங்கல்பட்டுப் பக்கம் இருந்தும் ரயிலில் வருகிறவர்களுக்காகப் பத்து நிமிடம் பொறுத்திருப்பேன். நவம்பர், டிசம்பரில் மழை வலுத்தால் ஆன்லைன். அன்றைக்கு கேமரா உங்கள் முகத்தைக் காட்ட வேண்டாம், நோட்டைக் காட்டினால் போதும்.

முதல் வகுப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், சிவப்பும் நீலமும் ஒவ்வொரு பேனா, வினாடி முள் உள்ள கடிகாரம் அல்லது போன். கீழே கேட்டுக்கு வந்ததும் ஒரு நிமிடம் நின்று, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரலை வைத்து நாடியை எண்ணிக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் தொட்டு எண்ண வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. அப்புறம் மூன்று மாடியும் நிற்காமல் ஏறுங்கள். மேலே வந்ததும் உட்காராமல், வணக்கமும் சொல்லாமல், மறுபடி எண்ணிப் பலகையில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவோம்.